எட்டுக் கம்பி பேஸ் கிட்டாருக்குக் கம்பி பொருந்தவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

குழித்துறைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட எங்கள் தமிழக-கேரள எல்லைப் பகுதியில் பேஸ் கிட்டார் அரிய கருவி அன்று. ஞாயிறு ஆராதனையின் பாடகர் குழுவிலும், கோயில் கொடை விழாக்களின் மெல்லிசை மேடையிலும், எல்லை தாண்டிவிட்டால் கானமேளாக்களிலும் அதன் ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை நான்கு கம்பிக் கருவிகள். அவற்றுக்கான கம்பிச் செட்டு எந்த இசைக்கருவிக் கடையிலும் கிடைத்துவிடும். ஆறு, எட்டு, பன்னிரண்டு என்று கம்பிகள் கூடிய ஒன்று கைக்கு வந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரிடமிருந்து நான் எட்டுக் கம்பி பேஸ் ஒன்றை வாங்கியபோது, அதில் ஏற்கெனவே கட்டியிருந்த கம்பிகளின் அளவு அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதன்பின் நான் செய்த தவறுகளும் அவற்றைச் சரிசெய்த முறையும் இங்கே அறிகுறி வாரியாக உள்ளன. உங்கள் கருவி காட்டும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். ஆனால் அடுத்து வரும் அளவெடுக்கும் பகுதியை யாரும் தாண்டிச் செல்ல வேண்டாம்.

முதலில் அளவெடுங்கள்

கூடுதல் கம்பி கொண்ட பேஸ் கிட்டார்கள் இரு குடும்பங்களைச் சேர்ந்தவை. முதல் குடும்பத்தில் ஒவ்வொரு கம்பியும் தனித்து நிற்கும். ஈ, ஏ, டி, ஜி என்ற நான்குக்குக் கீழே ஒரு பி, மேலே ஒரு சி என்று எல்லை விரியும். 1975-இல் பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சனுக்காகக் கிட்டார் வினைஞர் கார்ல் தாம்ஸன் செய்த ஆறு கம்பிக் கருவி இந்த வகையின் முன்னோடி. இரண்டாம் குடும்பத்தில் சுரங்கள் நான்குதான், ஆனால் ஒவ்வொரு தடித்த கம்பியின் அருகிலும் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய ஆக்டேவ் கம்பி ஒன்று ஜோடியாக நிற்கும். 1960-களின் பிற்பகுதியில் ஸ்வீடனின் ஹாக்ஸ்ட்ராம் நிறுவனம் வெளியிட்ட எச்8 இவ்வகை எட்டுக் கம்பிக் கருவி. 1970-களின் பிற்பகுதியில் சீப் ட்ரிக் என்ற அமெரிக்க ராக் குழுவின் டாம் பீட்டர்ஸனுக்காக ஹேமர் நிறுவனம் செய்த பன்னிரண்டு கம்பிக் கருவியில் ஒரு தடித்த கம்பிக்கு இரண்டு ஆக்டேவ் கம்பிகள் வீதம் துணை நிற்கின்றன.

எட்டு கம்பி என்ற ஒரே பெயரால் இரு குடும்பக் கருவிகளும் அழைக்கப்படுவதால், உறையின் மேல் எட்டு என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிக் கம்பி வாங்குவது பெரும் தவறு. கருவியில் மூன்று செய்திகளை நீங்களே கண்டறிய வேண்டும். முதலாவது ஸ்கேல் நீளம், அதாவது திறந்த கம்பி அதிரும் நீளம். நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் பள்ளப் பட்டை) உள்விளிம்பிலிருந்து 12-ஆவது பிரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) நடு வரை அளந்து இரண்டால் பெருக்கினால் அது கிடைக்கும். வழக்கமான பேஸில் அது 34 அங்குலம், குறுகிய கருவிகளில் 30 அங்குலத்தை ஒட்டியது, தாழ்ந்த பி கம்பிக்காகவே செய்த பலவற்றில் 35 அங்குலம். இரண்டாவது, ஒவ்வொரு கம்பியும் எந்தச் சுரத்தில் எந்த ஸ்தாயியில் நிற்க வேண்டும் என்பது. மூன்றாவது, கம்பியின் குண்டு (உடல் பக்கம் பிரிட்ஜ் என்ற தாங்கியில் மாட்டும் முனை உருண்டை) உட்காரும் இடத்திலிருந்து நட்டு வரை உள்ள தூரமும், நட்டிலிருந்து அந்தக் கம்பியை முறுக்கும் கீ வரை உள்ள தூரமும்.

இந்த அளவுகள் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரே விதி போதும். ஒரு கம்பியின் இழுவிசை அதன் ஓர் அங்குல எடைக்கு நேர்விகிதத்திலும், ஸ்கேல் நீளத்தின் வர்க்கத்துக்கும் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்திலும் அமைகிறது. ஆகவே அதே கம்பியை 34 அங்குலக் கருவியிலிருந்து கழற்றி 35 அங்குலக் கருவியில் அதே சுருதிக்குக் கட்டினால் விசை 6 விழுக்காடு கூடும். 30 அங்குலக் கருவியில் கட்டினால் 22 விழுக்காடு குறையும். பாடகர் வசதிக்காக அரைச்சுரம் இறக்கினால் 11 விழுக்காடும், ஒரு முழுச்சுரம் இறக்கினால் ஐந்தில் ஒரு பங்கும் விசை குறையும். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த எண்களிலிருந்தே விளங்கிவிடும்.

கம்பி கீயை எட்டவில்லை, அல்லது நட்டின் மேல் நூல் சுற்று வந்து படுகிறது

இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். பேஸ் கம்பியின் நுனிப்பகுதியில் நிற நூல் சுற்றியிருக்கும். அது நட்டைக் கடந்து, கீயின் பக்கம் தொடங்க வேண்டும். நூல் நட்டின் மேலேயே வந்துவிட்டால் அந்தக் கம்பி உங்கள் கருவிக்குக் குட்டை. திறந்த கம்பி மந்தமாக ஒலிக்கும், சுருதியும் நிற்காது. மாறாகக் கம்பி மிக நீளமாக இருந்தால் உள்கம்பியின் மேல் உலோக இழை சுற்றிய தடித்த பகுதியே கீயின் தண்டில் வளைந்து ஏற நேரிடும். அந்த இடத்தில் சுற்று பிளந்து கம்பி ஒலியிழக்கும்.

உறைகளில் குறுகியது, நடுத்தரம், நீளமானது, மிக நீளமானது என்று நான்கு வகை குறிப்பிடப்படும். அவை முறையே 30, 32, 34, 35-36 அங்குல ஸ்கேலுக்கானவை. ஆனால் கம்பிகள் உடலின் பின்புறத்திலிருந்து துளை வழியே வரும்படி அமைந்த கருவியில், குண்டிலிருந்து நட்டு வரை உள்ள தூரம் ஓர் அங்குலம் அல்லது அதற்கு மேலும் கூடிவிடும். அப்போது ஸ்கேல் 34-ஆக இருந்தாலும் மிக நீளமான வகை தேவைப்படலாம். குண்டிலிருந்து நட்டு வரை ஒரு நூலைப் பிடித்து அளந்து, உறையிலோ கம்பி உற்பத்தியாளரின் பட்டியலிலோ உள்ள சுற்று நீளத்தோடு ஒப்பிட்ட பின்பே பணம் கொடுங்கள்.

ஜோடிக் கம்பிக் கருவியில் பலர் செய்யும் முதல் முயற்சி, ஆக்டேவ் கம்பிக்குச் சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார் கம்பியைக் கட்டிப் பார்ப்பது. நானும் அதைத்தான் செய்தேன். கிட்டாரின் ஸ்கேல் 25 அங்குலத்தை ஒட்டியது என்பதால் அந்தக் கம்பிகள் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கே வெட்டப்படுகின்றன. 34 அங்குலம் என்பது 86 சென்டிமீட்டர். பிரிட்ஜுக்குப் பின்னால் சில சென்டிமீட்டர், நட்டிலிருந்து தொலைவிலுள்ள கீ வரை 15 முதல் 20 சென்டிமீட்டர், தண்டில் சுற்றுவதற்கு மேலும் கொஞ்சம் என்று கூட்டினால் கணக்கு மீட்டரைத் தாண்டிவிடும். நட்டுக்கு அருகிலுள்ள கீயில் சில வேளை எட்டும், தொலைவிலுள்ளதில் எட்டாது. 30 அங்குலக் கருவியில் இது நடைமுறைக்கு ஒத்துவரும். 34-இல் பேஸுக்கென்றே நீளமாகச் செய்த ஒற்றைக் கம்பிகளை வாங்குவதுதான் வழி.

குண்டு பிரிட்ஜின் துளையில் நழுவி வெளியே வருகிறது

கிட்டார் கம்பியின் குண்டு பேஸ் கம்பியின் குண்டைவிடச் சிறியது. அதனால் பேஸ் பிரிட்ஜின் துளை அதைத் தாங்காது. பழைய பேஸ் கம்பி ஒன்றின் குண்டை வெட்டி எடுத்து, புதிய கம்பியை அதன் துளை வழியே கோத்துவிட்டால் சிறிய குண்டு பெரிய குண்டில் முட்டி நின்றுவிடும். பழைய கம்பிகளைத் தூக்கி எறிவதற்கு முன் குண்டுகளை வெட்டிச் சேமித்து வைக்கும் பழக்கம் எனக்கு இப்படித்தான் வந்தது.

மெல்லிய ஆக்டேவ் கம்பி அடிக்கடி அறுந்துவிடுகிறது

இந்த அறிகுறிதான் என்னை அதிக நாள் அலைக்கழித்தது. கம்பி எங்கே அறுந்தது என்பதை முதலில் பாருங்கள். சேடிலின் (பிரிட்ஜில் கம்பி படியும் சிறு துண்டு) மேல் அறுந்ததா, நட்டின் விளிம்பிலா, கீயின் தண்டிலா, அல்லது குண்டை ஒட்டிய முறுக்கிலா? ஒரே இடத்தில் இரண்டு முறை அறுந்தால் குற்றம் கம்பியில் இல்லை, அந்த இடத்தில் இருக்கிறது.

என் கருவியில் ஜி ஜோடியின் ஆக்டேவ் கம்பி, கிறிஸ்துமஸ் பாடல் ஒத்திகையின் நடுவே அறுந்தது. கம்பி தடிமனாக இருப்பதால் இழுவிசை மிகுந்து அறுகிறது என்று எண்ணி மெல்லிய கம்பியாக மாற்றினேன். ஒரு வாரத்தில் அதுவும் அறுந்தது. தடிமனை அளப்பதற்காகத் துண்டை எடுத்துக்கொண்டு எங்கள் ஊரின் லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் மைக்ரோமீட்டரில் கம்பியை வைத்து அளந்தார். பழையது 24, புதியது 20, அதாவது 0.024, 0.020 அங்குலம். "அண்ணாச்சி, இதுக்கும் மெலிசாக் கட்டினா நிக்குமா?" என்று கேட்டேன். அவர் கம்பியின் அறுந்த நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்களே, கம்பியக் குத்தம் சொல்லாத. அது கெடக்கிற எடத்தத் தடவிப் பாரு" என்றார். வீட்டுக்கு வந்து சேடிலின் பள்ளத்தை நகத்தால் தடவினேன். நகம் ஓரிடத்தில் மாட்டியது. பார்வைக்குத் தெரியாத அளவுக்கு ஒரு பிசிறு. 600 எண், பிறகு 1000 எண் எமரித் தாளை மடித்துப் பள்ளத்தில் நாலைந்து முறை இழுத்து, நகம் வழுக்கும்வரை தேய்த்தேன். அதன்பின் கட்டிய கம்பி அங்கே அறவில்லை.

அந்தப் பட்டறையில் நான் கற்றுக்கொண்டதைக் கணக்கும் உறுதிப்படுத்துகிறது. சுற்றில்லாத எஃகுக் கம்பி எப்போது அறும் என்பதை அதன் தடிமன் தீர்மானிப்பதில்லை. தடித்த கம்பிக்கு விசை அதிகம் தேவை, ஆனால் தாங்கும் குறுக்குப் பரப்பும் அதே விகிதத்தில் அதிகம். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். தீர்மானிப்பவை ஸ்கேல் நீளமும் அதிர்வெண்ணும் மட்டுமே. அவ்விரண்டையும் பெருக்கிய எண்ணைக் கிட்டாரோடு ஒப்பிடுங்கள். 25.5 அங்குலக் கிட்டாரின் முதல் கம்பி ஈ, 329.6 ஹெர்ட்ஸில் நிற்கிறது; பெருக்கினால் ஏறத்தாழ 8,400. 34 அங்குல பேஸின் ஜி ஆக்டேவ் 196 ஹெர்ட்ஸ், பெருக்கினால் 6,664. கிட்டாரின் முதல் கம்பியே நாள்தோறும் தாங்குவதைவிட இது நன்கு குறைவு. எனவே ஜி ஆக்டேவ் அறுந்தால் பிசிறையோ கூர் விளிம்பையோ துருவையோ தேடுங்கள், தடிமனை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

மேல் சி வரை ஐந்து ஜோடி உள்ள பத்துக் கம்பிக் கருவியில் நிலைமை வேறு. சியின் ஆக்டேவ் 261.6 ஹெர்ட்ஸ், 34 அங்குலத்தில் பெருக்கல் ஏறத்தாழ 8,900. இது கிட்டாரின் முதல் கம்பியை அரைச்சுரம் ஏற்றி எஃப் சுருதியில் கட்டுவதற்குச் சமம். கட்டும்போது தாங்கினாலும், வளைவிலும் தண்டிலும் விரைவிலேயே அறும். மெல்லியதை வாங்கினாலும் பயனில்லை. அந்த ஜோடிக்கு மட்டும் ஆக்டேவுக்குப் பதிலாக ஒரே ஸ்தாயியில் இரண்டு சி கம்பிகளைக் கட்டுங்கள், அல்லது முழுக் கருவியையும் முழுச்சுரம் இறக்கிக் கட்டுங்கள். இரண்டு ஸ்தாயி மேலே ஒரு கம்பி வேண்டும் என்று ஆசைப்படுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஆசையைக் கைவிடுவார்கள். ஜிக்கு அந்தப் பெருக்கல் 13,000-ஐத் தாண்டுகிறது, எந்த எஃகும் அதைத் தாங்காது.

தாழ்ந்த பி கம்பி தொய்ந்து, பிரெட்டில் அடித்துக்கொண்டு, சுரமே தெளியவில்லை

சிலர் பி கம்பி கிடைக்காமல், ஈக்கு உரிய 105 தடிமன் கம்பியையே பி வரை இறக்கிக் கட்டிவிடுகிறார்கள். ஐந்து அரைச்சுரம் இறங்கும்போது விசை 56 விழுக்காடாகச் சுருங்கும். 30 அங்குலக் கருவியாக இருந்தால் 34 அங்குல ஈ கம்பியில் பாதிகூட மிஞ்சாது. அந்தத் தொய்வை எந்தச் சீரமைப்பும் நீக்காது. 105 தடிமன் ஈயோடு சமமாக நிற்க வேண்டுமென்றால் கணக்குப்படி பி கம்பி ஏறத்தாழ 140 தடிமனில் இருக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் செட்டுகளில் 105-க்கு அருகே 130 வருவதே வழக்கம். ஆகவே புத்தம் புதிய செட்டிலும் பி சற்று நெகிழ்ந்தே இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். வன்மையாக மீட்டுபவர் 135-ஐத் தேர்ந்தெடுக்கலாம். கருவியை அரைச்சுரம் இறக்கியே எப்போதும் வாசிக்கும் குழுவில் இருப்பவர் 135-க்கோ 140-க்கோ போகலாம்.

தடித்த கம்பி வாங்குமுன் அது நட்டின் பள்ளத்திலும் கீயின் தண்டுப் பிளவிலும் நுழையுமா என்று பாருங்கள். நுழையாவிட்டால் பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்த வேண்டியிருக்கும். அதைச் செய்து பழகாதவர் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. சேடிலில் படும் இடத்தில் சுற்று மெலிந்திருக்கும் தாழ்ந்த கம்பிகளும் விற்கப்படுகின்றன. அவை சேடிலின் மேல் நன்றாக வளைந்து படிவதால் மேல் பிரெட்டுகளில் சுருதி துல்லியமாகும்.

தடித்த கம்பியைக் கட்டும்போது இன்னொரு கவனம் தேவை. கீயைத் தாண்டி நாலைந்து அங்குலம் விட்டு, அந்த இடத்தில் செங்கோணமாக வளைத்த பிறகே வெட்ட வேண்டும். வளைக்காமல் நேராக வெட்டினால், உள்கம்பி உருண்டையாக உள்ள வகைகளில் சுற்று நழுவி, கம்பி முழுவதும் ஒலியிழந்துவிடும். சுற்றும்போது கம்பி தன் அச்சில் முறுக்கேறாதபடி நுனியைத் தளர்வாகப் பிடியுங்கள். முறுக்கேறிய கம்பி எவ்வளவு விலை கொடுத்ததாக இருந்தாலும் செத்த ஒலியே தரும்.

திறந்து மீட்டும்போது சேர்கிற ஜோடி, மேலே அழுத்தும்போது பிரிகிறது

ஜோடிக் கம்பிக் கருவியின் மிகக் கடினமான பகுதி இதுவே. முதலில் டியூனிங் முறையைச் சரிசெய்யுங்கள். ஜோடியில் ஆக்டேவ் கம்பியை விரலால் அடக்கிவிட்டுத் தடித்த கம்பியைச் சுருதி சேர்க்க வேண்டும். பிறகு அதைக் காதால் கேட்டுக்கொண்டே ஆக்டேவைச் சேர்க்க வேண்டும். இரண்டும் சற்று விலகியிருந்தால் ஒலி அலை அலையாக ஏறி இறங்கும். அந்த அலை நீண்டு நின்றுவிடும் இடமே சரியான இடம்.

பிறகு ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக 12-ஆவது பிரெட்டின் மேல் தொட்டு எழுப்பும் ஹார்மானிக் ஒலியையும், அதே பிரெட்டில் அழுத்தி எழுப்பும் ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால் சேடிலைப் பின்னுக்கும், தாழ்ந்திருந்தால் முன்னுக்கும் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு கம்பிக்கும் தனிச் சேடில் இருந்தால் வேலை அத்துடன் முடிந்தது. இரு கம்பிகளும் ஒரே சேடிலில் உட்காரும் பிரிட்ஜுகளில்தான் கம்பித் தேர்வு முக்கியமாகிறது.

ஈ ஜோடியில் தடித்த கம்பி சேடிலைப் பின்னுக்கு இழுக்கும். அதற்கேற்ப வைத்தால் ஆக்டேவ் கம்பி பெரும்பாலும் தாழ்ந்து ஒலிக்கும். ஜி ஜோடியில் இதற்கு நேர்மாறாக நடப்பதுண்டு. அங்கே ஆக்டேவ் கம்பி சுற்றில்லாத 20 தடிமன் எஃகாக இருந்தால், அதன் முழுத் தடிமனும் இழுபடும் உலோகம்; அருகிலுள்ள 45 தடிமன் கம்பியின் உள்கம்பியோ அதைவிட மெல்லியதாகவே இருக்கும். ஆகவே அழுத்தும்போது சுற்றில்லாத கம்பியே அதிகம் உயர்ந்துவிடுகிறது. மூன்றாம் கம்பியைச் சுற்றில்லாததாகக் கட்டிப் பார்த்த கிட்டார் கலைஞர்கள் இந்தத் தொல்லையை அறிவார்கள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு: 18 தடிமனுக்கு இறங்குவது, அல்லது சுற்றுள்ள மெல்லிய கம்பி ஒன்றைத் தேடுவது. எனக்கு 18-லேயே போதுமான அளவு சரியாகிவிட்டது. மிஞ்சும் சிறு விலகலைத் தடித்த கம்பிக்குச் சாதகமாக விடுவதே என் வழக்கம். கேட்பவரின் காதில் பாட்டின் அடித்தளமாகப் பதிவது அதுதான்.

ஆக்டேவ் கம்பிகளின் தடிமனைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு சுருக்கமான கணக்கு உண்டு. ஒரு ஸ்தாயி மேலே செல்லும்போது அதிர்வெண் இரட்டிப்பாவதால், அதே விசைக்கு எடை நான்கில் ஒன்றாக வேண்டும். ஒரே அமைப்புள்ள கம்பிகளில் தடிமன் பாதியானால் அது நடக்கும். 45-க்கு 22, 65-க்கு 32, 80-க்கு 40, 105-க்கு 52 என்று பிறக்கும் எண்களை உச்ச வரம்பாகக் கொள்ளுங்கள். சுற்றில்லாத எஃகு சுற்றுக் கம்பியைவிட அடர்த்தி மிகுந்தது என்பதால் ஜிக்கு 20-லேயே விசை சமமாகிவிடும். 34 அங்குலத்தில் அது ஏறத்தாழ 18.5 கிலோ. விரல் இலகுவாக அழுந்தவும் நெக்கின் (கழுத்தின்) சுமை குறையவும் நான் அதற்கும் கீழே இறங்கி, ஜிக்கு 18, டிக்கு 26, ஏக்கு 36, ஈக்கு 45 கட்டுகிறேன். ஈ ஆக்டேவுக்கு எங்கும் கிடைக்கும் சாதாரண ஜி பேஸ் கம்பியே போதும். மூன்று அரைச்சுரம் இறங்குவதால் அது ஜியாக நிற்கும்போது உள்ள விசையில் 10-இல் 7 பங்கைத் தரும். அவசரத்துக்கு வேறெங்கும் அலைய வேண்டியதில்லை.

ஆக்டேவ் கம்பி மட்டும் மிகவும் சன்னமாகக் கேட்கிறது, அல்லது எல்லாவற்றையும் மூடிவிடுகிறது

சன்னமாகக் கேட்டால் அது அக்கூஸ்டிக் கிட்டாருக்கான வெண்கலச் சுற்றுக் கம்பியா என்று பாருங்கள். கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் காந்தப் பிக்கப் எஃகையும் நிக்கலையும் உணரும், வெண்கலத்தை உணராது. உள்கம்பி மட்டுமே ஒலி தரும். நிறம் செம்மஞ்சளாக இருந்தால் மாற்றிவிடுங்கள். மூடிவிட்டால், ஆக்டேவ் கம்பிகளுக்கு நிக்கல் பூசியதையும் தடித்தவற்றுக்குச் சற்றுப் பளிச்சென்ற எஃகையும் கலந்து கட்டுங்கள். அல்லது பிக்கப்பின் ஒரு முனையைச் சிறிது இறக்குங்கள்.

திறந்த கம்பி மட்டும் இரைகிறது, அல்லது டியூன் செய்யும்போது டிக் என்று ஒலித்துச் சுருதி தாவுகிறது

தம்புராவில் ஜீவாளி நூல் வைத்தால் எழும் இரைச்சல் அழகு; பேஸில் அதே இரைச்சல் நட்டின் பள்ளம் கம்பியைவிட அகன்றோ ஆழ்ந்தோ இருப்பதைக் காட்டுகிறது. முன்பு 30 தடிமன் கிடந்த பள்ளத்தில் 20-ஐக் கட்டினால் இது நேரும். ஏதேனும் ஒரு பிரெட்டில் அழுத்தியவுடன் இரைச்சல் நின்றுவிட்டால் ஐயமே இல்லை. எலும்புத் தூளையும் உடனடிப் பசையையும் கலந்து பள்ளத்தை நிரப்பி, காய்ந்தபின் புதிதாக அறுக்க வேண்டும். டிக் ஒலி இதற்கு எதிரானது. பள்ளம் இறுக்கமாக இருக்கிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தடவிப் பார்த்து, அதிலும் தீராவிட்டால் மட்டும் அரம் எடுங்கள்.

புதிய செட்டுக் கட்டிய சில நாட்களில் கம்பிகள் உயரத்தில் மிதக்கின்றன

நான்கு கம்பி பேஸின் நெக் மொத்தம் 75 முதல் 80 கிலோ வரை இழுவிசையைத் தாங்குகிறது. எட்டுக் கம்பியில் ஆக்டேவுகளும் அதே விசைக்குக் கட்டப்பட்டால் அது 150 கிலோவைத் தொட்டுவிடும். முன்னிருந்த செட்டைவிடத் தடித்த செட்டைக் கட்டினால் நெக் முன்னோக்கி வளைவது இயல்பு. முதல் பிரெட்டையும் நெக் உடலோடு சேரும் இடத்து பிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாம் எட்டாம் பிரெட்டுகளின் மேல் கம்பிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி உள்ளது என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது 0.3 அல்லது 0.4 மில்லிமீட்டர், போதுமானது. அதிகமாக இருந்தால் கம்பிகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு நெக்கினுள் ஓடும் டிரஸ் ராடு என்ற உலோகத் தண்டைக் கால் சுற்று மட்டும் இறுக்கி, மீண்டும் சுருதி சேர்த்து, மறுநாள் பாருங்கள். ஒரே மூச்சில் இரண்டு மூன்று சுற்று திருப்பிய நெக்குகள் கெட்டுப்போனதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு ராடுகள் உள்ள அகன்ற நெக்கில் இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். ராடு திரும்ப மறுத்தால் வலிந்து திருப்பாமல், மெல்லிய செட்டுக்கு மாறிவிடுங்கள்.

எங்கள் பகுதிக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் இங்கே மழை தருவதால் மரம் ஆண்டில் இருமுறை ஈரமேறி இருமுறை காய்கிறது. ஜூன் மாதத்தில் சீரமைத்த நெக் ஜனவரியில் அதே நிலையில் இருப்பதில்லை. கம்பியைக் குறை சொல்வதற்கு முன் மழை தொடங்கியதா என்று பாருங்கள்.

மாதம் முடியுமுன்னே கம்பி துருப்பிடித்து ஒலி மங்குகிறது

கடற்காற்றும் வியர்வையும் காரணமாவது எல்லாருக்கும் தெரியும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்புறம் உட்படத் துடைத்தால் ஆயுள் கணிசமாக நீளும். ஜோடிகளுக்கு இடையே துணி நுழையாது என்பதால் பழைய வேட்டிக் கரையை நாடாவாகக் கிழித்து இழுத்துத் துடையுங்கள். பலர் கவனிக்காத இன்னொரு காரணம் ரப்பர்த் தோட்ட வீடுகளில் உள்ளது. ரப்பர் பாலை உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலக் கேனும் கிட்டார்ப் பெட்டியும் ஒரே அறையில் இருந்தால், அமில ஆவியே கம்பியை அரிக்கும். என் பேஸின் தடித்த கம்பிகள் நன்றாயிருக்க, சுற்றில்லாத ஆக்டேவ் கம்பி மட்டும் கறுத்ததற்குக் காரணம் தேடியபோது, பெட்டி சாய்ந்திருந்த சுவருக்குப் பின்னால் ஷீட் அடிக்கும் கொட்டகை இருந்தது. பெட்டியை மேல்மாடி அறைக்கு மாற்றிய பின் அந்தத் தொல்லை இல்லை. பூச்சுள்ள கம்பிகள் விலை கூடினாலும் சுற்றுக் கம்பிகளுக்கு நன்மை செய்கின்றன.

வாங்கும்போது

ஆயத்த எட்டுக் கம்பிச் செட்டு கிடைத்தால், அதன் ஸ்கேலும் எட்டுத் தடிமன்களும் உங்கள் அளவோடு ஒத்திருக்கும்போது மட்டும் வாங்குங்கள். ஒருமுறை ஒரு கடையில் எட்டுக் கம்பி பேஸ் செட்டு என்று எனக்குத் தந்தது, தாழ்ந்த பியும் மேல் சியும் சேர்ந்த தனிக்கம்பிக் கருவிக்கானது. ஜோடிக் கருவியில் அதன் பாதிக் கம்பிகளுக்கு வேலையே இல்லை. கிடைக்காதபோது 45 முதல் 105 வரை உள்ள வழக்கமான நான்கு கம்பிச் செட்டு ஒன்றையும், ஆக்டேவுக்கு ஒற்றைக் கம்பிகள் நான்கையும் சேர்த்து வாங்குவதே மலிவான வழி. சுற்றில்லாத ஜி ஆக்டேவை மட்டும் மூன்றாக வாங்கி வையுங்கள். மேடையில் முதலில் போவது அதுதான். கட்டி முடித்ததும் எட்டுக் கம்பிகளின் தடிமனையும், கட்டிய தேதியையும், குண்டிலிருந்து நட்டு வரை அளந்த நீளத்தையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். என்னிடம் இந்தக் கருவியை விற்றவர் அதைச் செய்திருந்தால், நான் அறுந்த கம்பியோடு லேத் பட்டறைக்குப் போக வேண்டியிருந்திருக்காது.